ஏர்போர்ட்டுக்கு ரயில்ல போறது லாபமா, ரிஸ்க்கா? பிளைட் டிக்கெட்டோட உண்மையான விலையைக் கணக்கு போடலாம் வாங்க!



பிளைட் டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி நாம எல்லாரும் என்ன பண்றோம்? நாலு ஆப்பைத் திறந்து வெச்சு, எதுல 200 ரூபாய் கம்மினு பார்க்கிறோம். கூப்பன் கோடு தேடுறோம். எந்த பேங்க் கார்டுக்கு ஆஃபர் இருக்குனு அலசுறோம். இவ்வளவும் பண்ணிட்டு, கிளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு கேப் புக் பண்ணி 900 ரூபாய் கொடுத்துட்டுப் போறோம். டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது கேப்ல போயிடுது.

அதனால இந்தக் கட்டுரையில பிளைட் டிக்கெட்டைப் பத்திப் பேசப் போறதில்லை. வீட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த 20, 30 கிலோமீட்டரைப் பத்திதான் பேசப் போறோம். அதை ரயில்ல கடந்தா எவ்வளவு மிச்சம், எந்த இடத்துல அது நஷ்டமா மாறும், ரயில் லேட்டாகி பிளைட் போயிட்டா எந்தப் பணம் திரும்பி வரும்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

சென்னையில இருக்கீங்க. பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போகணும். ரெண்டு பிளைட் இருக்குனு வெச்சுக்கலாம். (இது உதாரணத்துக்கு எடுத்துக்கிட்ட தொகைதான்.)

முதல் பிளைட்: காலை 5.30 மணி. டிக்கெட் 3,800 ரூபாய்.
ரெண்டாவது பிளைட்: காலை 9.30 மணி. டிக்கெட் 4,300 ரூபாய்.

ஆப்ல பார்த்தா முதல் பிளைட்தான் 500 ரூபாய் மலிவு. ஆனா 5.30 மணி பிளைட்டுக்கு விடியக்காலை 3 மணிக்கே கிளம்பணும். அந்த நேரத்துல மெட்ரோவும் இல்லை, எலக்ட்ரிக் ட்ரெயினும் இல்லை. கேப்தான் கதி. அதுக்கு 800 ரூபாய்னு வெச்சா மொத்தச் செலவு 4,600.

9.30 மணி பிளைட்டுக்கு மெட்ரோவுல போகலாம். சென்னை மெட்ரோவுல அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். மொத்தச் செலவு 4,350. அதாவது "விலை அதிகமான" பிளைட்தான் உண்மையில 250 ரூபாய் மலிவு. தூக்கமும் கெடாது.

அதனால இனிமே ஆப்ல காட்டுற விலையை மட்டும் பார்க்காதீங்க. வீட்டு வாசல்ல இருந்து போய்ச் சேர்ற வாசல் வரைக்கும் ஆகிற மொத்தச் செலவைப் பாருங்க. இன்னைக்கு நாம பேசப் போற எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

சென்னைக்காரங்களுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி

இந்தியாவுல ஏர்போர்ட் வாசல்லயே புறநகர் ரயில் நிலையம் இருக்கிற ஊர்கள் ரொம்பக் குறைவு. சென்னை அதுல ஒண்ணு. திரிசூலம் ஸ்டேஷன்ல இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினா ஏர்போர்ட். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு லைன்ல போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறினாப் போதும். நகருக்குள்ள எங்கே இருந்து வந்தாலும் செகண்ட் கிளாஸ் டிக்கெட் ஒரு டீ விலைதான்.

மெட்ரோ 2016 செப்டம்பர்ல ஏர்போர்ட்டைத் தொட்டுச்சு. 2019 பிப்ரவரியில அண்ணா சாலை வழிப் பாதையும் திறந்த பிறகு, சென்ட்ரல்ல ஏறினா நீல வழித்தடத்துல மாறாம நேரா ஏர்போர்ட். 2021 பிப்ரவரியில அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாய்ல இருந்து 50 ஆக் குறைச்சாங்க. டிஜிட்டல் டிக்கெட் எடுத்தா அதுலயும் தள்ளுபடி கிடைக்கும்.

இதுல வெளியூர்ல இருந்து வர்றவங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு.

மதுரை, திருச்சி, நெல்லை பக்கத்துல இருந்து ரயில்ல வந்து சென்னையில பிளைட் பிடிக்கிறவங்க நிறைய பேர் பழக்கத்துல எழும்பூர் வரைக்கும் டிக்கெட் போட்டுடுறாங்க. எழும்பூர்ல இறங்கி, திரும்ப வந்த வழியிலயே மீனம்பாக்கம் வரைக்கும் கேப்ல போவாங்க. இதுக்கு அவசியமே இல்லை. தெற்கே இருந்து வர்ற ரயில்கள்ல பெரும்பாலானது தாம்பரத்துல நிக்கும். அங்கே இறங்கி எலக்ட்ரிக் ட்ரெயின் மாறினா சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். நாலே ஸ்டாப்! நேரமும் மிச்சம், சில நூறு ரூபாயும் மிச்சம்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இருந்து வர்றவங்களுக்குக் கணக்கு வேற. உங்க ரயில் பெரும்பாலும் சென்ட்ரலுக்குத்தான் வரும். வெளியே வந்து பேரம் பேசாம, நேரா கீழே மெட்ரோவுக்கு இறங்கிடுங்க.

குறையும் இருக்கு, அதையும் சொல்லிடணும். காலை 8ல இருந்து 10 மணி வரைக்கும், சாயங்காலம் 5ல இருந்து 8 மணி வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல பெரிய பெட்டியோட ஏறுறது கொடுமை. அந்த நேரத்துல மெட்ரோதான் நல்லது. கூட வயசானவங்களோ கைக்குழந்தையோ இருந்தா, நாலு பேரா போனா, கேப்பே போங்க. நாலு பேருக்கு 600 ரூபாய் கேப்னா ஆளுக்கு 150தான். மெட்ரோவுக்கும் கேப்புக்கும் வித்தியாசம் ஆளுக்கு 100 ரூபாய். அதுக்காக அம்மாவைப் படியேற வைக்க வேண்டாம்.

பெங்களூருவுல ஏன் பர்ஸ் கிழியுது?

பெங்களூரு ஏர்போர்ட் 2008ல தேவனஹள்ளிக்குப் போனதுல இருந்து, நகர மையத்துல இருந்து சுமார் 35 கிலோமீட்டர். எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னும் தூரம். கேப் சர்வ சாதாரணமா ஆயிரத்தைத் தாண்டும்.

அங்கே ரயிலே இல்லையானு கேட்டா, இருக்கு. 2021 ஜனவரியில ஏர்போர்ட் பக்கத்துலயே ஒரு ஹால்ட் ஸ்டேஷன் திறந்தாங்க. டிக்கெட்டும் ரொம்ப மலிவு. ஆனாலும் கூட்டம் பெருசா வரலை. ஸ்டேஷன்ல இருந்து டெர்மினலுக்கு இன்னும் சில கிலோமீட்டர் ஷட்டில் பஸ்ல போகணும். நாளைக்கு ஓடுற ரயில்களும் கையளவுதான். பிளைட் 24 மணி நேரமும் இருக்கு, ரயில் நாளைக்கு நாலஞ்சு தடவைதான்னா யார் அதை நம்பிப் போவாங்க?

ஏர்போர்ட் ரயிலுக்குக் குறைஞ்ச கட்டணம் மட்டும் போதாதுங்கிறதுக்கு இது நல்ல உதாரணம். 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வரணும், டெர்மினல் வாசல்ல இறக்கி விடணும், முதல் பிளைட்டுக்கும் கடைசி பிளைட்டுக்கும் பொருந்தணும். இந்த மூணும் சேர்ந்தாத்தான் ஜனங்க கேப்பை விடுவாங்க.

கே.ஆர்.புரத்துல இருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வேலை நடந்துட்டு இருக்கு. இப்போதைக்கு அங்கே நமக்குக் கைகொடுக்கிறது வாயு வஜ்ரா பஸ்தான்.

மாசம் ஒரு தடவை ஊருக்குப் பறக்கிற ஒருத்தரை எடுத்துக்கலாம். ஏர்போர்ட் போக, வர கேப் தலா 1,000 ரூபாய்னா மாசம் 2,000. பஸ்ல தலா 300 ரூபாய்னா மாசம் 600. மிச்சம் 1,400. வருஷத்துக்கு 16,800 ரூபாய்.

அந்த 1,400ஐ மாசாமாசம் எஸ்.ஐ.பி.ல போட்டு, ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சினு வெச்சுக்கிட்டா, 10 வருஷத்துல சுமார் 3.2 லட்சம் ஆகும். நீங்க போட்டது 1.68 லட்சம். 12 சதவீதம் கண்டிப்பா வரும்னு யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனா 1,400 மிச்சமாகும்கிறது உறுதி. மிச்சமான அன்னைக்கே அதைத் தனியா எடுத்து வெக்கலைனா, ஏதாவது ஒரு பிரியாணியில போயிடும். அதுவும் உறுதி!

டெல்லி சொல்லித் தர்ற பாடம்

டெல்லியில ஏர்போர்ட்டுக்குனே தனி மெட்ரோ லைன் 2011 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க. நியூ டெல்லி ஸ்டேஷன்ல இருந்து டெர்மினல் 3க்கு 20 நிமிஷம் கூட ஆகாது. முதல்ல அதைத் தனியார் நடத்தினாங்க. 2012 ஜூலையில தொழில்நுட்பக் கோளாறுனு நின்னு, 2013 ஜனவரியில மறுபடி ஓடுச்சு. அதே வருஷம் ஜூலையில டெல்லி மெட்ரோ நிறுவனமே எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. அதுல வந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2024 ஏப்ரல்லதான் முடிவுக்கு வந்துச்சு.

நமக்கு முக்கியமானது 2015ல நடந்தது. அந்த வருஷம் கட்டணத்தைப் பெரிய அளவுல குறைச்சாங்க. அதுக்கு அப்புறம் பயணிகள் எண்ணிக்கை ஏறுச்சு. இத்தனைக்கும் ரயில் அதே ரயில், தூரமும் அதேதான். இன்னைக்கு டெல்லிக்கு வேலை விஷயமா போற யாரும் கேப்பைப் பத்தி யோசிக்கிறதே இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. சில ஏர்லைன்ஸ் பயணிகள் நியூ டெல்லி மெட்ரோ ஸ்டேஷன்லயே செக்-இன் பண்ணி, பெட்டியை அங்கேயே ஒப்படைச்சிடலாம். மும்பையிலயும் 2024 அக்டோபர்ல இருந்து மெட்ரோ லைன் 3 ஏர்போர்ட் டெர்மினல்களைத் தொடுது.

வெளிநாட்டுல ஒரே ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மூணு ரயில், ரெண்டு மூணு விலைனு இருக்கும். லண்டன் ஹீத்ரோவுல இருந்து நகரத்துக்கு 15 நிமிஷத்துல போற எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கு. கடைசி நேரத்துல எடுத்தா 25 பவுண்டை ஒட்டி வரும். அதே ஹீத்ரோவுல சாதாரண பிக்காடில்லி சுரங்க ரயில்ல அதுல கால்வாசி கூட ஆகாது, நேரம்தான் கூட ஆகும். முதல் தடவை ஆன்சைட் போறவங்க பளிச்னு தெரியுற போர்டைப் பார்த்து எக்ஸ்பிரஸ்லயே ஏறிடுறாங்க. கோலாலம்பூர்லயும் இதே கதைதான். கே.எல். சென்ட்ரலுக்கு 28 நிமிஷ எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட், பஸ் அதைவிட ரொம்ப மலிவு. ரெண்டு மூணு பேரா போனா கேப்பும் ரயிலும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துடும். கையில போன் இருக்கும்போது போர்டை நம்பாதீங்க, கணக்கை நம்புங்க.

இப்போ ரிஸ்க் பக்கம் வருவோம்

கேப்புக்குப் பதிலா மெட்ரோவுல போனா 500 ரூபாய் மிச்சம்னு வெச்சுக்குவோம். பிளைட்டை விட்டுட்டா புது டிக்கெட் 6,000 ரூபாய். அப்படின்னா 12 பயணத்துல ஒரே ஒரு தடவை பிளைட்டை விட்டாலும், மிச்சம் பிடிச்ச மொத்தமும் காலி.

மெட்ரோவுல இந்த ரிஸ்க் கம்மி. சொல்லப்போனா பீக் ஹவர்ல கிண்டி, கத்திப்பாரா டிராஃபிக்ல மாட்டுற கேப்பை விட மெட்ரோதான் நேரத்துக்குப் போகும். உண்மையான ரிஸ்க், ராத்திரி எக்ஸ்பிரஸ் ரயில்ல வந்து காலை பிளைட்டைப் பிடிக்கிறதுலதான் இருக்கு. இந்த இடத்துலதான் பலருக்கு ஒரு தப்பான நம்பிக்கை: "ரயில் லேட்டுன்னா ஏர்லைன்ஸ்ல சொல்லிக்கலாம்."

சொல்ல முடியாது. உங்க ரயில் டிக்கெட் ஒரு ஒப்பந்தம், பிளைட் டிக்கெட் வேற ஒப்பந்தம். ஐ.ஆர்.சி.டி.சி.யே தன்னோட தளத்துல பிளைட் டிக்கெட்டும் விக்குது. ரெண்டையும் அங்கேயே வாங்கினாலும் அது ரெண்டு தனி டிக்கெட்தான். ரயிலுக்கு ரயில் மாறும்போது ரெண்டு பி.என்.ஆர்.ஐ இணைக்கிற வசதி 2019ல இருந்து இருக்கு. முதல் ரயில் லேட்டாகி ரெண்டாவதை விட்டா, கேன்சல் கட்டணம் இல்லாம பணம் திரும்ப வரும். பிளைட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஜெர்மனியில நிலைமை வேற. பிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்லயே நீண்டதூர ரயில்கள் நிக்குது. லுஃப்தான்சா சில ரயில்களுக்கு பிளைட் நம்பரே கொடுத்து, ஒரே டிக்கெட்டா விக்குது. ரயில் லேட்டாகி பிளைட் போயிட்டா, அடுத்த பிளைட்ல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. "ரயிலும் பிளைட்டும் இணைப்பு"னு சொன்னா உண்மையில அர்த்தம் இதுதான். ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா மட்டும் பத்தாது. தாமதம் ஆனா அந்த நஷ்டம் யாருக்குங்கிற கேள்விக்கும் பதில் இருக்கணும். நம்ம ஊர்ல ரயில்வே, மெட்ரோ, ஏர்போர்ட், ஏர்லைன்ஸ் நாலும் நாலு கை. அதனால நஷ்டம் முழுக்க நம்ம பாக்கெட்ல இருந்துதான்.

டிக்கெட்டோட 45 பைசாவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டேனேனு கேட்காதீங்க. அது விபத்துல உயிரிழப்பு, காயத்துக்கான கவர். லேட்டானதுக்கு அதுல ஒரு பைசாவும் வராது.

அப்போ எவ்வளவு நேரம் இடைவெளி விடணும்?

உள்நாட்டு பிளைட்டுக்கு பெட்டி போடுற கவுன்ட்டரைப் பெரும்பாலும் 60 நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க. அதை வெச்சு நம்ம கணக்கு:

ரயில் லேட்டாக விடுற நேரம்: 2 மணி
ஸ்டேஷன்ல இருந்து ஏர்போர்ட்: 1 மணி
பிளைட்டுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல: 2 மணி

மொத்தம் 5 மணி நேரம். வெளிநாட்டு பிளைட்னா 6 மணி நேரம். காலை 5 மணிக்குத் தாம்பரம் வர்ற ரயில்னா, 10 மணிக்கு முன்னாடி பிளைட் போடாதீங்க. மழைக்காலத்துலயும் பண்டிகை நேரத்துலயும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்குங்க. வெளிநாட்டு வேலைக்கு முதல் தடவை போறீங்க, இல்ல விசா இன்டர்வியூனா, முந்தின நாளே வந்துடுங்க. 1,500 ரூபாய் ரூம் வாடகை அந்த இடத்துல செலவு இல்லை, அதுதான் உங்க இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

பிளைட் போயிடுச்சு, இல்ல போகப் போகுது. எந்தப் பணம் திரும்ப வரும்?

1. ஏறுற ஸ்டேஷன்லயே ரயில் 3 மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா, அதுல போகாம பஸ்ஸுக்கோ காருக்கோ மாறிடுங்க. ரயில் கிளம்புறதுக்கு முன்னாடி ஐ.ஆர்.சி.டி.சி.ல டி.டி.ஆர். போட்டா முழுப் பணமும் திரும்ப வரும். ரயில் கிளம்பின பிறகு போட்டா வராது.

2. பாதி வழியில ரயில் நின்னு பிளைட் பிடிக்க முடியாதுனு தெரிஞ்சா, கடைசி வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே ஏர்லைன்ஸ் ஆப்ல தேதி மாத்துங்க. மாத்துற வசதி பெரும்பாலும் பிளைட்டுக்குச் சில மணி நேரம் முன்னாடியே மூடிடும். மாத்துற கட்டணம், புது டிக்கெட் விலையை விட அநேகமா கம்மியாத்தான் இருக்கும்.

3. பிளைட்டே போயிட்டாலும் எல்லாப் பணமும் போகலை. டிக்கெட்ல இருக்கிற அரசு வரிகள், பயனர் மேம்பாட்டுக் கட்டணம் மாதிரி ஏர்போர்ட் கட்டணங்களை, பயணமே பண்ணாதவங்களுக்கும் திருப்பித் தரணும்னு டி.ஜி.சி.ஏ. விதி இருக்கு. ஆனா நிறைய பேர் கேட்கிறதே இல்லை. சில நூறு ரூபாயா இருந்தாலும் அது உங்க பணம். ஏர்லைன்ஸ் தளத்துல போய்க் கேளுங்க.

4. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கிறீங்கன்னா, "பிளைட்டைத் தவறவிட்டால்" பகுதியைப் படிங்க. நிறைய பாலிசி முந்தின பிளைட் லேட்டானா மட்டும்தான் தரும். ரயில் லேட்டுக்குத் தருமாங்கிறதைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாருங்க.

போகும்போது நேரம், வரும்போது காசு

எல்லாத்தையும் சுருக்கி ஒரே வரியில சொல்லணும்னா இதுதான்.

பிளைட் ஏறப் போகும்போது உங்களுக்கு ஒரு கெடு இருக்கு. அங்கே நேரம்தான் முக்கியம். மெட்ரோ இருந்தா மெட்ரோ, இல்லைனா தயங்காம கேப். ஆனா இறங்கி வீட்டுக்கு வரும்போது எந்தக் கெடுவும் இல்லை. அரை மணி நேரம் கூட ஆனா என்ன குறைஞ்சு போகுது? அங்கே கண்ணை மூடிட்டு ரயிலோ பஸ்ஸோ பிடிங்க. இந்த ஒரு பழக்கத்துலயே ரிஸ்க் எதுவும் எடுக்காம கேப் செலவுல பாதி மிச்சம்.

இறங்கின உடனே ஊருக்கு ரயில் பிடிக்கணும்னா மட்டும் கவனமா இருங்க. அங்கே பிளைட் லேட்டானா ரயில் டிக்கெட் போச்சு. சென்னையில எழும்பூர்ல கிளம்புற ரயிலுக்கு, ஏறுற இடமா தாம்பரத்தைப் போட்டு புக் பண்ணுங்க. ரயில் எழும்பூர்ல இருந்து தாம்பரம் வர்ற நேரம் உங்களுக்கு லாபம். ஏற்கனவே எழும்பூர்னு போட்டிருந்தா, சார்ட் தயாராகிறதுக்கு முன்னாடி ஐ.ஆர்.சி.டி.சி.லயே மாத்திக்கலாம். மாத்தின பிறகு எழும்பூர்ல ஏற முடியாதுங்கிறதை மறந்துடாதீங்க.

சம்பளக்காரங்களுக்குக் கடைசியா ஒண்ணு. பழைய வரி முறையில எல்.டி.ஏ. கிளெய்ம் பண்றவங்க, விடுமுறைப் பயணத்தோட ரயில், பிளைட் மாதிரியான டிக்கெட்டைத்தான் காட்ட முடியும். ஏர்போர்ட் கேப் பில் அதுல வராது. ஆபீஸ் வேலையாப் போறது வேற விஷயம். அங்கே மெட்ரோ கியூ.ஆர். டிக்கெட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சு, மத்த பில்லோட சேர்த்துக் கொடுங்க. 40 ரூபாய்தானேனு விடாதீங்க.

அடுத்த தடவை டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு வரி எழுதுங்க: வீட்டுல இருந்து ஏர்போர்ட், பிளைட், ஏர்போர்ட்டுல இருந்து போற இடம். மூணையும் கூட்டிப் பாருங்க. அதுதான் உங்க டிக்கெட்டோட உண்மையான விலை.

உங்க ஊர் ஏர்போர்ட்டுக்கு மலிவா, நேரத்துக்குப் போற வழி ஏதாவது தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க. மாசாமாசம் ஊருக்குப் பறக்கிற ஃபிரெண்டு யாராவது இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்பி விடுங்க.